முறைப்படியார் பாம்புக்கு வீடு அமைத்த கதை

முறைப்படியார்களை உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெருவுக்கு ஒருவர் நிச்சயம். பெரிய அலுவலகம் என்றால் மாடிக்கு ஒருவர். வீட்டில் ஒரு பல்பு போய்விட்டால் நீங்களும் நானும் வேறொன்றை மாட்டிவிட்டு மறந்துபோவோம். முறைப்படியார் அப்படியெல்லாம் மாட்டிவிட மாட்டார். பழைய பல்பு ஏன் போனது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்கு வயரிங்கைப் பார்க்க வேண்டும்; வயரிங்கைப் பார்க்க வீட்டின் வரைபடம் வேண்டும்; வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை குடும்பத்தார் அந்த அறையில் டார்ச் விளக்கோடு நடமாடுவார்கள்.

நீச்சல் கற்றுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டதா? நீச்சல் கண்ணாடி, தொப்பி, காதுக்கு அடைப்பான் எல்லாம் வாங்கி, மூச்சுவிடும் முறையைப் பற்றி இரண்டு புத்தகங்கள் படித்து, கட்டிலில் குப்புறப் படுத்துக் கையும் காலும் அடித்துப் பழகி, ஒருவழியாகக் குளத்துக்குப் போய்ச் சேரும்போது அங்கே தண்ணீரை இறைத்துவிட்டுத் தளம் பூசிக்கொண்டிருப்பார்கள். வருத்தப்படுவாரா? மாட்டார். இத்தனை நாளுக்குப் பிறகு இந்தக் குளத்தை முறைப்படி கவனிக்கிறார்களே என்று திருப்தியோடு வீடு திரும்புவார்.

அவரைச் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி ஒரு வேலையைச் செய்யாமல் நிம்மதியாகத் தூங்குகிறவன். முறைப்படியார் அதே வேலையைச் செய்யாமல் ஓடி ஓடி உழைக்கிறவர்.

இந்த இனத்தில் எல்லா அங்க லட்சணங்களும் பொருந்திய ஒருவர் லிஃப்ட் பரிசோதகராக இருந்தார். அடுக்குமாடிக் கட்டடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லிஃப்டின் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதித்து, இது மனிதர்களைத் தாங்கும் என்று கையெழுத்துப் போடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறார். இவர் பார்த்துக் கையெழுத்திட்ட லிஃப்ட் ஒன்றுகூட ஒரு தரம் அறுந்ததில்லை. அதற்காக யாரும் இவருக்கு நன்றி சொன்னதும் இல்லை. அறுந்து விழாத லிஃப்டுக்கு யார் நன்றி சொல்வார்கள்? எட்டாவது மாடியில் இறங்கி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "செய்றதுன்னா முறைப்படி செய்யணும். இல்லன்னா செய்யவே கூடாது" என்பார். வீட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டாவது வாக்கியம்தான் நடந்தது.

அவர் மனைவி பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை செய்தார். நாள் முழுக்க யார் யாருடைய வாய்க்கோ அச்சு எடுத்து, பல் வார்த்து, அரத்தால் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிற கை, எதற்கும் நடுங்காது. ஒரு சனிக்கிழமை காலையில் இந்த அம்மாளின் தம்பி, கப்பலில் சமையல்காரராக இருப்பவர், தோளில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். திடீரென்று இரண்டு வருஷத்துக்குக் கப்பல் ஏற வேண்டியிருக்கிறது, இதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் அக்கா என்று பையை நீட்டினார். கூடவே அதை வளர்ப்பதற்கான உரிமக் காகிதங்களும் இருந்தன.

பைக்குள் இருந்தது பால் பைத்தான். மலைப்பாம்பு வகைதான், ஆனால் பயப்பட வேண்டிய உருவம் இல்லை. மூன்றரை அடி நீளம், ஒன்றரைக் கிலோ எடை, பழுப்பில் கறுப்புத் திட்டுகள், விஷம் கிடையாது. பயந்துவிட்டால் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும். ஆங்கிலத்தில் 'பால்' என்றால் பந்து; பெயரே அதனால் வந்ததுதான். எட்டாவது படிக்கும் மகள் பார்த்த மாத்திரத்தில் அதற்கு 'உருண்டை' என்று பெயர் வைத்துவிட்டாள். அதற்கு முன் கப்பல்காரர் அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருந்தார். அது யாருக்கும் வாயில் நுழையவில்லை.

நம்மவர் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பந்தை வெகுநேரம் பார்த்தார். பந்துக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது. நாக்கு ஒருதரம் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது. அந்த நிமிஷத்தில் அவருக்கு அதன்மேல் பிரியம் விழுந்துவிட்டது. பிரியம் விழுந்தால் நாமெல்லாம் கொஞ்சுவோம். அவர் அளவெடுக்கும் நாடாவை எடுத்துவந்தார்.

"இதுக்கு ஒரு வீடு வேணும். ஏனோதானோன்னு கூடாது. முறைப்படி ஒரு வீடு" என்றார்.

அதுவரைக்கும்? அதுவரைக்கும் தற்காலிகமாக ஒரு ஏற்பாடு. போர்வைகள் வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் காலிசெய்து, மூடியிலும் பக்கங்களிலும் துளை போட்டு, அடியில் காகிதம் விரித்து, ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணமும் இரண்டு மூலைகளில் வாசல் வெட்டிய செருப்பு அட்டைப்பெட்டிகளும் வைத்து, கப்பல்காரர் கொண்டுவந்த சூட்டுத் தகட்டை ஒரு பக்கத்து அடியில் பொருத்தி, மூடியைக் கொக்கியால் இறுக்கினார் மனைவி. முக்கால் மணி நேர வேலை. உருண்டை நேராக ஊர்ந்து அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் நுழைந்து, பெட்டியின் நாலு பக்கமும் உடம்பில் படும்படி சுருண்டு, படுத்துவிட்டது.

"ஒரே வாரம். அதுக்குள்ள வீடு தயாராயிடும்" என்றார் நம்மவர் பாம்பிடம்.

அவர் படிக்கத் தொடங்கினார். பாம்பு வளர்ப்பதைப் பற்றி உலகத்தில் இத்தனை பேர் இத்தனை எழுதியிருப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வீட்டின் ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி சூடு இருக்க வேண்டும், மறுபக்கம் இருபத்தாறு. பாம்பு தனக்கு வேண்டியபோது வேண்டிய பக்கம் போய்க்கொள்ளும். இதில் எல்லோரும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள். அதன் பிறகு ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரப்பதம் அறுபது என்றார் ஒருவர். எழுபது இல்லையென்றால் சட்டை ஒழுங்காக உரியாது என்றார் அடுத்தவர். அடியில் தேங்காய் நார்த் துகள்தான் போட வேண்டும் என்றது ஒரு கட்சி. மரப்பட்டைத் துகள் போடாதவர்கள் பாம்பே வளர்க்கக் கூடாது என்றது எதிர்க்கட்சி. நீங்களாக இருந்தால் ஏதாவது ஒன்றை வாங்கிப் போட்டிருப்பீர்கள். அவர் இரண்டையும் வாங்கிவந்து இரண்டு தட்டுகளில் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, எது எவ்வளவு நேரம் ஈரம் காக்கிறது என்று மூன்று வாரம் குறிப்பெடுத்தார். தட்டுகள் சாப்பாட்டு மேசையில் இருந்தன. குடும்பம் அந்த மூன்று வாரமும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது.

வெப்பமானி ஒன்று வாங்கினார். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இன்னொன்று வாங்கினார். இரண்டும் ஒன்றரை டிகிரி வித்தியாசம் காட்டின. யார் சொல்வது உண்மை என்று தீர்க்க மூன்றாவது வந்தது. அது இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் வேறொரு எண்ணைச் சொன்னது. ஏழு வரைக்கும் போய்விட்டு, ஏழையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

இதற்கிடையில் தச்சர் வந்தார். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கண்ணாடி முகப்பு வைத்த பெட்டி. தச்சருக்கு மூன்று நாள் வேலை. வரைபடத்தைக் கையில் வாங்கியதும் இது மூன்று நாளில் முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எந்தத் துளை எத்தனை மில்லிமீட்டர், ஆணிகளின் தலை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தன. முதலில் தள்ளு கதவு போட்டார். தள்ளு கதவின் இடுக்கில் பாம்பு மூக்கை விட்டுத் தள்ளும் என்று எங்கோ படித்ததால் அது கீல் கதவாக மாறியது. கீல் கதவு கையில் இடிக்கலாம் என்று வேறெங்கோ படித்ததால் மறுபடி தள்ளு கதவானது, இந்தத் தடவை இரட்டைப் பூட்டோடு. தச்சர் பொறுமையான மனிதர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், இதோட மூணாவது கதவு போடுறோம். உள்ள இருக்கப்போறவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

உள்ளே இருக்கப்போகிறவர் அப்போது பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இரை விழுங்கிக்கொண்டிருந்தார். பத்து நாளுக்கு ஒருமுறை, ஃப்ரீசரில் இரண்டாம் தட்டில் உறைந்து கிடக்கும் எலிகளில் ஒன்றை எடுத்து, வெந்நீரில் வைத்துப் பதமாக்கி, இடுக்கியால் பிடித்து மனைவி நீட்டுவார். உருண்டை ஒரு கணம் முகர்ந்து பார்க்கும். அடுத்த கணம் எலி இருக்காது. மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அவர் வேலைக்குப் போய்விடுவார். இதில் நம்மவரின் பங்கு ஒன்று உண்டு. ஃப்ரீசரின் அந்தத் தட்டில் 'பாம்புக்கு மட்டும்' என்று அவர்தான் எழுதி ஒட்டினார்.

பெட்டி ஒருவழியாகக் கூடத்துச் சுவரோரம் வந்து நின்றது. உள்ளே சூட்டுத் தகடு, சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி, ஏழு வெப்பமானிகள், கல்லால் செய்த இரண்டு குகைகள், ஏறி இறங்க ஒரு மரக்கிளை. பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது. மகள் ஓடிப்போய் டப்பாவின் கொக்கியைக் கழற்றினாள். நம்மவர் தடுத்துவிட்டார். புது லிஃப்டில் முதல் நாளே மனிதர்களை ஏற்றுவார்களா? முதலில் மணல்மூட்டை. மூட்டையை ஏற்றி இறக்கிப் பார்த்து, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மனிதன். இங்கேயும் வெள்ளோட்டம் பார்த்தாக வேண்டும்.

சைக்கிள் ட்யூப் ஒன்றைத் தேடிப்பிடித்து, மூன்றரை அடிக்கு வெட்டி, ஈர மணல் அடைத்து, சரியாக ஒன்றரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் கட்டினார். அதைச் சுருட்டிச் சூட்டுப் பக்கத்துக் குகை வாசலில் படுக்கவைத்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் முதுகுச் சூட்டைக் குறித்தார். மத்தியானம் குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றினார். மகள் அதற்கு 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்று பெயர் வைத்தாள். ஆக, ஒன்றுவிட்ட அண்ணன் கண்ணாடி மாளிகையில் இருந்தார். உருண்டை போர்வை டப்பாவில் இருந்தது. இருபத்தோரு நாள்.

அந்த நாட்களில்தான் மேல்வீட்டுத் தையல்காரம்மா, அளவு திருத்திய மகளின் சட்டைகளைக் கொடுக்க வந்தவர், கூடத்தில் இதைப் பார்த்துவிட்டார். தைரியமான பெண்மணி. பையைப் பக்கத்தில் இருந்த டப்பாமேல் வைத்துவிட்டு, கண்ணாடிக்கு எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். பாம்பு என்றால் சீறும் பாயும் என்று இத்தனை காலம் தப்பாக நினைத்துவிட்டேன், இத்தனை அடக்க ஒடுக்கமான பிராணியை நான் பார்த்ததே இல்லை, என் வீட்டில் ஒருத்தருக்காவது இந்தக் குணம் இருக்கிறதா என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நம்மவருக்கு அவர் உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. நாலாம் நாள் சொல்லிவிட்டார்.

"அது பாம்பில்லங்க. சைக்கிள் ட்யூப்."

தையல்காரம்மா கண்ணாடியை ஒட்டி நன்றாகப் பார்த்தார். "அப்ப நெஜப் பாம்பு?"

"நீங்க பை வெச்சிருக்கீங்களே, அந்த டப்பாக்குள்ள."

அந்த அம்மாள் பதறவில்லை. பையை மெதுவாக எடுத்தார், முக்காலியைப் பழைய இடத்தில் வைத்தார், கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார். அடுத்த ஒரு மாதத்துக்கு மகளின் துணிகள் மேல்வீட்டு ஜன்னலிலிருந்து கயிற்றில் இறங்கி வந்தன.

இருபத்தோராம் நாள் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உறுதியானதும் அவரை வெளியே எடுத்துவிட்டு, உருண்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுவந்து உள்ளே விட்டார் நம்மவர். உருண்டை நாலு மூலையும் சுற்றிப் பார்த்தது. கிளையை முகர்ந்தது. பெரிய கல்குகைக்குள் போய், நடுவில், எந்தச் சுவரும் உடம்பில் படாமல், பந்தாகிப்போனது.

பந்து அவிழவில்லை.

புது இடத்தில் ஒரு வாரம் இரை வைக்கக் கூடாது; அது அவருக்குத் தெரியும், வைக்கவில்லை. இரண்டாம் வாரம் மனைவி இடுக்கியை நீட்டினார். உருண்டை தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் வாரமும் அப்படியே. நாலு, ஐந்து, ஆறு. ஏதோ ஒரு டிகிரி குறைகிறது என்று நினைத்தார் நம்மவர். குறைந்ததைக் கண்டுபிடிக்கக் கதவைத் திறந்து ஒரு வெப்பமானியை இடம் மாற்றினார். மாற்றியது சரியா என்று அரை மணி கழித்துத் திறந்து பார்த்தார். ஈரம் போதவில்லையோ என்று திறந்து தண்ணீர் தெளித்தார். அதிகமாகிவிட்டதோ என்று திறந்து துடைத்தார். இளைத்துவிட்டதோ என்று தினமும் எடுத்துத் தராசில் வைத்தார். எல்லாவற்றையும் நோட்டில் நேரத்தோடு எழுதினார். அலுவலகத்தில் மத்தியானம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

கப்பல்காரர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். கைபேசியின் சின்னத் திரையில் உப்புக்காற்றில் கறுத்த முகம். "உருண்டை நல்லா சாப்பிடுதா மாமா?" என்றார். நம்மவர் பெட்டியைச் சுற்றிக் காட்டினார். இரட்டைப் பூட்டை விளக்கினார். ஆணித் தலைகளின் திசையை விளக்கினார். கப்பல்காரர் அசந்துபோய், என் அறையைவிட நல்லாயிருக்கே மாமா என்றார். சாப்பிடுகிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே அழைப்பை முடித்துவிட்டார் நம்மவர். அதன் பிறகு அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி அதைக் கவனித்தார். மறுநாள் ஆய்வகத்துக்கு விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, உருண்டையைத் தலையணை உறைக்குள் விட்டுக் கட்டி, ஒரு கையில் அதையும் மறு கையில் கணவரையும் பிடித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் இளம் வயதுப் பெண். முந்தின நோயாளி ஒரு கிளி. அது போகும்போது எல்லோரையும் திட்டிவிட்டுப் போனது. மருத்துவர் உருண்டையின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை விரலால் தடவிப் பார்த்தார், எடை போட்டார்.

"எத்தன நாளா சாப்பிடல?"

"ஏழு வாரம், ரெண்டு நாள்" என்றார் நம்மவர்.

"அதுக்கு முன்னாடி?"

நம்மவர் நோட்டைப் புரட்டினார். டப்பாவைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை. தற்காலிக ஏற்பாடுகளை அவர் பதிவு செய்வதில்லை. "அப்பல்லாம் பத்து நாளைக்கு ஒருதடவ டாண்ணு சாப்பிடும் டாக்டர்" என்றார் மனைவி.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ திறந்து பாக்குறீங்க?"

"அதிகமில்ல டாக்டர்."

நோட்டு மேசைமேல் திறந்தபடி கிடந்தது. மருத்துவர் அதைத் தன் பக்கம் திருப்பி, பேனாவை வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். "நேத்து நாப்பத்தோரு தடவ."

"அதுல ஆறு தடவ கதவு சரியா மூடியிருக்கான்னு பாக்கத்தான் திறந்தேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். பாம்புக்கு ஒரு நோயும் இல்லை என்றார். நன்றாக வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும், எடையும் ரொம்பக் குறைந்துவிடவில்லை என்றார். வீட்டிலும் குறை இல்லையாம். இவ்வளவு கவனமாக அமைத்த வீட்டைத் தான் பார்த்ததில்லையாம். குகை மட்டும் அதற்கு மிகப் பெரிது. டப்பாவில் இருந்ததாக மனைவி சொன்ன பழைய செருப்புப் பெட்டியையே உள்ளே வைத்து, சுற்றிலும் இலைதழை நிறையப் போட்டு மறைத்துவிட வேண்டும்.

"செருப்புப் பெட்டி எந்தப் புத்தகத்துலயும் இல்லயே டாக்டர்" என்றார் நம்மவர்.

"பாம்பு அந்தப் புத்தகத்தப் படிக்கல சார்" என்றார் மருத்துவர். கொஞ்சம் பொறுத்து, "நாளுக்கு நாப்பத்தோரு தடவ ஒருத்தர் உங்க வீட்டுக் கூரையத் தூக்கிப் பாத்தா உங்களுக்குச் சோறு எறங்குமா?" என்று கேட்டார்.

நம்மவர் அதை நேர்மையாக யோசித்தார். "யார் பாக்குறாங்கங்கிறதப் பொறுத்தது" என்றார். மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் சீட்டை எடுத்து எழுதினார்: பத்து நாள், பார்க்கக் கூடாது. தேதி போட்டார், முத்திரை குத்தினார். முத்திரை விழுந்த கணத்தில் நம்மவர் முகத்தில் ஓர் அமைதி வந்தது. எழுத்தில் வந்துவிட்டதல்லவா? முறைப்படி ஆகிவிட்டது.

ஆனால் சீட்டு வேறு, பத்து நாள் வேறு. கண்ணாடி முகப்பின்மேல் ஒரு படுக்கை விரிப்பு தொங்கியது. சாவி மனைவியிடம். காலையில் தண்ணீர் மாற்றுவதும் மனைவிதான். முதல் நாள் நம்மவர் விரிப்பின் மடிப்புகளைச் சரிசெய்தார். இரண்டாம் நாள் வீட்டில் இருந்த அத்தனை கதவுகளுக்கும் எண்ணெய் போட்டார். மூன்றாம் நாள் வேலைக்குப் போன இடத்தில், குறை எதுவும் இல்லாத ஒரு லிஃப்டில் பதினோரு தடவை ஏறி இறங்கினார். கட்டடத்துக் காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே சார் என்று விசாரித்தார்.

அங்கே, அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான், அவருக்கு ஒன்று தோன்றியது. இந்த லிஃப்டில் இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன். ஆறு மாதம் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன். அது பாட்டுக்கு ஏறும், அது பாட்டுக்கு இறங்கும். இருபத்திரண்டு வருஷமாக எத்தனை கதவுகளை இப்படிச் சாத்திவிட்டு நிம்மதியாக நடந்திருக்கிறேன். இந்த ஒரு கதவை மட்டும் ஏன் சாத்திவிட்டு வர முடியவில்லை?

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. லிஃப்டில் ஏறப்போகிறவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருப்பது யாரென்று தெரியும். காலி டம்ளரைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வரவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் மனைவி வெந்நீர் வைத்தார். நம்மவர் சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது நிபந்தனை. அவர் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று கூடத்தின் சத்தங்களைக் கேட்டார். சாவி திரும்பியது. விரிப்பு விலகியது. அப்புறம் ஒன்றும் இல்லை. குழாயில் நீர் சொட்டியது, அதை இறுக்கினார். மறுபடி ஒன்றும் இல்லை. பிறகு செருப்புப் பெட்டி 'டப்' என்று ஒருதரம் அதிர்ந்த ஓசை. மகள் மூச்சை இழுத்துப் பிடித்த ஓசை. சாவி திரும்பியது.

மனைவி இடுக்கியோடு வந்து தண்ணீர்த் தொட்டியருகே நின்றார். "சாப்பிட்டுடுச்சு."

"எந்தப் பக்கத்துல?" என்றார் நம்மவர். சூட்டுப் பக்கமா, குளிர்ந்த பக்கமா என்று அவர் கேட்டார்.

"வாய்ப் பக்கத்துலதாங்க" என்றார் மனைவி.

நம்மவர் முக்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் கொஞ்சம் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே துண்டால் துடைத்துக்கொண்டார். நோட்டைத் தேடவில்லை. என்ன நேரம் என்றுகூடப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்துக் கப்பலுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினார். "உருண்டை சாப்பிட்டது. அக்கா ஊட்டினாள்."

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பார்க்காமல் இருப்பதற்கான விதிமுறைகள்' என்று தலைப்பு. கீழே பதினாலு விதிகள். அவற்றை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோமா என்று சரிபார்க்க அவர் தினமும் இரண்டு முறை தாளுக்கு எதிரே போய் நின்று படிப்பார். படிக்கும்போது கண் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து கண்ணாடிக்குள் போவதுண்டு. அதற்குப் பதினைந்தாவது விதி ஒன்று தேவைப்படுகிறது, வரைவு தயாராகிக்கொண்டிருக்கிறது. உருண்டை பத்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் சாப்பிடுகிறது. தையல்காரம்மாவும் திரும்ப வர ஆரம்பித்திருக்கிறார்; ஆனால் எங்கேயாவது பையை வைப்பதற்கு முன் அந்தப் பொருளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார்.

இத்தனை நேரம் நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். சந்தோஷம். இதைப் படிக்கும்போது யாரோ ஒருவர் முகம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும்: உங்கள் மேலதிகாரி, உங்கள் மாமனார், பக்கத்து இருக்கைக்காரர். போகட்டும், ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன். உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதே, கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்கியது. சாதாரண விஷயத்தையெல்லாம் எழுதி அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று, நல்ல பேனாவும் நல்ல யோசனையும் கையெழுத்தில் கொஞ்சம் திருத்தமும் வரட்டும் என்று, முதல் பக்கத்தைக்கூடத் தொடாமல் வைத்திருக்கிறீர்களே, அதை வாங்கி எத்தனை வருஷம் ஆகிறது?

அவசரமில்லை. நன்றாக யோசித்து, ஒருதரம் சரிபார்த்து, முறைப்படியே சொல்லுங்கள்.